மயிலாடுதுறையிலிருந்து குளிர்கடலுக்கு: ஒரு புது டைவரின் உபகரணத் தேர்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் பெண்ணுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையை ஒட்டிய கிராமம். அப்பா குறுவையும் சம்பாவும் போடுகிற விவசாயி. மகள் கடல் உயிரியலில் முதுகலை முடித்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசிகள் அடர்ந்து வளரும் இடங்களை ஆராய ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தார். செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும்.

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு மூழ்குவது, அவருக்குப் புதிதல்ல. புதுச்சேரிக் கடலில் கற்று ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு என்ற இரண்டு சான்றிதழும் பெற்றிருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட டைவ்கள். ஆனால் அத்தனையும் 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரில். வெட்சூட் எனப்படும் 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பர் உடை, மூழ்குவதற்காக இடுப்பில் நாலு கிலோ ஈயம், அலுமினிய சிலிண்டர், எல்லாம் பயிற்சி மையத்தின் வாடகைப் பொருள். பதற்றமில்லாமல் மூழ்குகிறவர், நன்றாக மிதப்பைக் கட்டுப்படுத்துகிறவர். உடல் எடை 48 கிலோ. கண்ணாடி போடுபவர். இந்த இரண்டு விவரங்களும் பின்னால் முக்கியமாகும்.

நான் தரங்கம்பாடியில் இருக்கும் டைவிங் பயிற்சியாளர். முன்பு வட கடலில் வேலை பார்த்தவன் என்பது அந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அதனால்தான் குடும்பம் என்னைத் தேடி வந்தது.

போகிற இடத்தின் தண்ணீரை முதலில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடல் ஆகஸ்ட், செப்டம்பரில் 13, 14 டிகிரியைத் தொடும். பிப்ரவரி, மார்ச்சில் 7 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். செப்டம்பரில் போய் இறங்குகிறவர் ஆண்டிலேயே சூடான தண்ணீரைத்தான் முதலில் சந்திக்கிறார். “இவ்வளவுதானா குளிர்” என்று நினைத்து அதற்கேற்ப வாங்கிவிட்டால், மார்ச்சில் அந்தப் பொருள் உதவாது. வாங்குவது எதுவானாலும் மார்ச் மாதத் தண்ணீருக்காக வாங்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

இன்னொரு விவரமும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரிட்டனில் ஆராய்ச்சிக்காக மூழ்குவது வேலை என்ற கணக்கில் வரும். 1997ஆம் ஆண்டின் பணி டைவிங் விதிகள் அதற்குப் பொருந்தும். கையில் இருக்கும் பொழுதுபோக்குச் சான்றிதழை மட்டும் காட்டி ஆராய்ச்சிக் குழுவோடு இறங்க முடியாது. எனவே முதல் சில மாதங்கள் கிளப் டைவராகத்தான் குளிர்நீர் அனுபவம் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே 1953இல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் (பிஎஸ்ஏசி) போன்ற அமைப்புகளின் கீழ் ஊருக்கு ஊர் கிளப்புகள் உண்டு. பல கிளப்புகள் உறுப்பினருக்கு உபகரணம் இரவல் தரும். அவசரப்பட்டு எதையும் வாங்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

ஜூன்: கைக்கு வந்த பழைய செட்

மேட்டூர் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று ஊரே காத்திருந்த நேரம். சென்னையில் ஒருவர் தன் முழு ஸ்கூபா செட்டையும் அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டையான பிசிடி, 5 மில்லிமீட்டர் வெட்சூட், காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்ஸ், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். அப்பா மகளின் டைவிங் செலவுக்கென்று ஒன்றரை லட்சம் ஒதுக்கி வைத்திருந்தார். பாதிக்கும் குறைவான பணத்தில் முழு செட் என்றால் யாருக்கும் ஆசை வரும். “பொருளா வாங்கிட்டா கையில இருக்கும் தம்பி, பணமா இருந்தா கரைஞ்சுடும்” என்றார்.

அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்ப் பொருளை நேரில் பார்த்தேன். நல்ல முறையில் பராமரிக்கப்பட்ட செட்தான். விற்பவரும் நேர்மையானவர், எதையும் மறைக்கவில்லை. வெதுவெதுப்பான கடலுக்கு அதை நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ரெகுலேட்டரின் முதல் நிலையில், அதாவது சிலிண்டரோடு பொருந்தும் பகுதியில், இஎன் 250 என்ற ஐரோப்பியத் தரக் குறியோடு, 10 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீருக்கு மட்டும் என்பதைக் காட்டும் குறியும் பொறித்திருந்தது. அந்தத் தரத்தில் குளிர்நீர் என்றால் 10 டிகிரிக்குக் கீழே. குளிர்நீர்ச் சோதனையில் தேறாத அல்லது அதற்கு வைக்கப்படாத ரெகுலேட்டர்கள் இந்தக் குறியோடு வரும். ஸ்காட்லாந்தில் குளிர்காலம் முழுக்க, வசந்தத்திலும் பெரும்பகுதி, தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழேதான். அப்புறம், அது சிலிண்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் ஏ-கிளாம்ப் பொருத்தி. இங்கே அதுதான் பரவலாக இருப்பது. அங்கே டிஐஎன் எனப்படும் திருகு பொருத்திதான் அதிகம். மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் முதல் காரணமே போதுமானதாக இருந்தது.

குளிர் ரெகுலேட்டரை என்ன செய்யும் என்பதைக் குடும்பத்துக்கு விளக்கினேன். சிலிண்டருக்குள் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) இருக்கும் காற்று, முதல் நிலையில் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட 10 பார் அளவு கூடுதலுக்குச் சட்டென்று இறங்குகிறது. விரியும் காற்று கடுமையாகக் குளிரும். வெதுவெதுப்பான கடலில் சுற்றியுள்ள தண்ணீரே அந்த உலோகத்துக்கு வெப்பம் கொடுத்துக் காப்பாற்றிவிடும். 7 டிகிரித் தண்ணீரிடம் கொடுக்க அவ்வளவு வெப்பம் இல்லை. முதல் நிலைக்குள் தண்ணீர் புகும் வடிவமைப்பாக இருந்தால் அங்கே பனி கட்டி, வால்வு மூட முடியாமல் திறந்தபடி நின்றுவிடும். காற்று நிற்காமல் கொட்டும், சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகலாம். குளிர்நீர் ரெகுலேட்டர்களில் ஸ்பிரிங் இருக்கும் அறையைத் தண்ணீர் தொடாதபடி அடைத்திருப்பார்கள், வெப்பத்தை வாங்கிக்கொள்ள உலோக விளிம்புகளும் வைத்திருப்பார்கள்.

வெட்சூட் விஷயம் இன்னும் எளிது. தண்ணீர் உடம்பிலிருந்து வெப்பத்தைக் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். நியோப்ரீனில் நம்மைக் காப்பது அதிலுள்ள நுண்ணிய வாயுக் குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆழம் போகப் போகக் குமிழி சுருங்கி உடை மெலியும். மேலே 5 மில்லிமீட்டராக இருப்பது கீழே அந்தக் கனத்தில் இருக்காது. 7 டிகிரியில் அரை மணி நேரம் தரையில் குனிந்து பாசி எண்ணும் வேலைக்கு, உள்ளே தண்ணீர் புகாத உடையான ட்ரைசூட்தான் சரி.

அந்த செட்டை வாங்க வேண்டாம் என்று முடிவானது. அப்பாவுக்கு அன்று மனம் ஒப்பவில்லை. நல்ல விலையை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் இருந்தது, அதில் தவறும் இல்லை.

ஐஸ் பெட்டிச் சோதனை

காரணங்களை வாயால் சொல்வதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. குளிரை அறியாதவர் உபகரணத்தைப் படம் பார்த்துத்தான் தேர்வு செய்வார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்து படகுகள் மறுபடி போக ஆரம்பித்திருந்தன. துறைமுகத்தில் தெரிந்த படகுக்காரரிடம் ஒரு ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்கி, கடல் தண்ணீரில் உடைத்த ஐஸைப் போட்டு, தெர்மாமீட்டரில் 7 டிகிரி வரும்படி வைத்தோம்.

கை விரல் குளிரில் வெளுத்துப் போகும் தொந்தரவு முன்பு இருந்ததா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அப்படி இருக்கிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர் வெறுங்கையை மணிக்கட்டுக்கு மேல்வரை தண்ணீரில் வைத்தார். கையை எடுக்காமல் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: ஒரு சிறு கொக்கியை வளையத்தில் மாட்டிக் கழற்றுவது, பிசிடியின் காற்றுப் பொத்தானை அழுத்துவது, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எண் எழுதுவது.

முதல் இரண்டு நிமிடம் வலி. அப்புறம் வலி குறைந்தது, அதோடு உணர்வும் குறைந்தது. அஞ்சாவது நிமிடத்தில் பொத்தானை அழுத்த முடிந்தது, ஆனால் அழுத்தியது விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். எட்டாவது நிமிடத்தில் கொக்கி கைவிட்டுப் போனது. பத்தாவது நிமிடத்தில் நிறுத்தினோம். கை பழையபடி வந்த பிறகு, என் பழைய 5 மில்லிமீட்டர் கையுறையோடு மறுபடி. உணர்வு கடைசிவரை இருந்தது. ஆனால் கையுறையின் தடிப்பில் சிறு கொக்கியை முதல் நிமிடத்திலிருந்தே மாட்ட முடியவில்லை. பெரிய கொக்கி, தடித்த கையால் பிடிக்கும் அளவுள்ளது, எளிதாக மாட்டியது.

பக்கத்தில் நின்று பார்த்த அப்பா வேறொன்றைக் கவனித்தார். கை மரத்துப்போன நேரத்தில் மகள் நான் சொன்ன எண்ணை இரண்டு தடவை தப்பாக எழுதியிருந்தார். “வலிக்குதுன்னு அங்கேயே புத்தி போயிடுது” என்றார். அது உண்மை. குளிர் வசதிக் குறைவாக மட்டும் நிற்பதில்லை. கவனத்தை உறிஞ்சுகிறது, மூச்சை வேகப்படுத்துகிறது, கைகளை முடக்குகிறது. கதகதப்பும் காற்றைப் போலவே பாதுகாப்புப் பொருள்தான் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

முடிவுகள்: எது இங்கே, எது அங்கே

ஸ்கூபா பொருட்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. உடை மாறினால் ஈயம் மாறும். ட்ரைசூட்டுக்கும் உள்ளே போடும் தடித்த உள்ளாடைக்கும் நடுவே உள்ள காற்று மேலே தூக்கும், அதனால் நாலு கிலோ ஈயம் பத்து, பன்னிரண்டு கிலோவாகும். ஈயம் மாறினால் அதைத் தாங்கும் பிசிடியின் தூக்குதிறன் மாறும். ட்ரைசூட்டின் பூட்ஸ் பெரிது, அதனால் ஃபின்ஸ் மாறும். கையுறை மாறினால் கொக்கி, பக்கிள், பொத்தான் எல்லாம் மாறும். எனவே உடையை முதலில் முடிவு செய்யாமல் மற்ற எதையும் வாங்க முடியாது. இதைக் கேட்ட அப்பா, “நாத்து விடாம நடவுக்கு ஆள் கூப்பிடுற மாதிரி” என்றார். அன்றிலிருந்து பழைய செட் பேச்சு வீட்டில் எழவில்லை.

அந்த உடையை இங்கே வாங்க வழியில்லை. போட்டுப் பார்க்காமல் ட்ரைசூட் வாங்கக் கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள சீல் உடம்போடு ஒட்ட வேண்டும், உள்ளாடையோடு சேர்த்து அளவெடுக்க வேண்டும். ஆகவே பணத்தில் பெரும்பகுதியைத் தொடாமல் வங்கியில் வைப்பது என்றும், அங்கே போய்ப் பயிற்சி எடுத்து, இரவல் உடைகளில் சில டைவ்கள் செய்த பிறகே வாங்குவது என்றும் தீர்மானித்தோம்.

இங்கிருந்து வாங்கிப் போனது மாஸ்க் ஒன்றுதான். அது முகத்துக்குப் பொருந்த வேண்டிய பொருள், தண்ணீரின் வெப்பத்தோடு தொடர்பில்லாதது. கண்ணாடி போடுபவர் என்பதால் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க். தண்ணீருக்குள் பொருட்கள் பெரிதாகவும் பக்கத்திலும் தெரிவதால் புதுச்சேரியில் அவருக்குக் கண்ணாடி இல்லாத குறை உறைக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில், கெல்ப் நிழலில், அழுத்தமானியின் எண்ணைப் படிக்க அது போதாது.

அம்மா திருப்பூர்ப் பருத்தி உள்ளாடைகள் நாலைந்து வாங்கி வைத்திருந்தார். வெளியே போட்டுக்கொள்ள அவை நல்லவை. ட்ரைசூட்டுக்குள் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஈரத்துணி உடம்புச் சூட்டை எடுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளிதான் வேண்டும் என்று சொன்னேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஏற்கெனவே பாதம் முழுதும் நுழையும் வகை ஃபின்ஸ் அனுப்பியிருந்தார். வெறுங்காலுக்கானது. அது ஊரிலேயே தங்கியது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: இரவல் பொருட்களோடு

அங்கே போனதும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். செப்டம்பரில் தண்ணீர் 13 டிகிரி. கூட இருந்தவர்களில் சிலர் 7 மில்லிமீட்டர் வெட்சூட்டில் இறங்கினார்கள், இவரும் அப்படியே இரண்டு டைவ் செய்தார். இரண்டாவதில் 25 நிமிடத்தில் நடுக்கம் வந்து மேலே வந்துவிட்டார். “சார், மார்ச் மாசம் எப்படி இருக்கும்னு இப்பவே தெரியுது” என்று குரல் செய்தி அனுப்பினார்.

அக்டோபரில் ட்ரைசூட் பயிற்சி. முதலில் நீச்சல் குளத்தில், அப்புறம் கடலில் இரண்டு டைவ். இதில் கற்க வேண்டியவை சில உண்டு. இறங்கும்போது அழுத்தத்தில் உடை உடம்பைப் பிடித்து நசுக்கும், மார்பில் உள்ள வால்வு வழியாக அளவாகக் காற்று விட வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும், இடது மேற்கையில் உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். கால் மேலே போய்விட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடும், கை வால்வு பயன்படாது, உடம்பு தலைகீழாக மேலே இழுக்கப்படும். அதிலிருந்து சுருண்டு புரண்டு நிமிர்வதைக் குளத்தில் திரும்பத் திரும்பப் பழகினார். பயிற்சி இல்லாமல் ட்ரைசூட்டை வாங்கி நேராகக் கடலில் இறங்குவது ஆபத்து.

இரவல் உடைகள் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. மிகச் சிறியதே அவருக்குப் பெரிது. மணிக்கட்டு மெலிந்தது, கையை இறுக்கிப் பிடிக்கும்போது நரம்புகள் புடைத்து நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வழியாகச் சீலைத் தாண்டித் தண்ணீர் நுழைந்தது. ஒவ்வொரு டைவிலும் முழங்கை வரை ஈரம்.

எடை இன்னொரு சிக்கல். கிளப்பில் வழக்கமாகத் தந்தது 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர். அதையும் 12 கிலோ ஈயத்தையும் சுமந்துகொண்டு வழுக்கும் பாறைக் கரையில் 48 கிலோ உடம்பு நடக்க வேண்டும். 10 லிட்டருக்கு மாறலாமா என்று கேட்டார். சேர்ந்து கணக்குப் போட்டோம்.

10 லிட்டர், 232 பார் என்றால் 2320 லிட்டர் காற்று. குளிரில் மூச்சு வேகமாகும் என்று வைத்து நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால், 15 மீட்டரில் அழுத்தம் 2.5 மடங்கு, செலவு நிமிடத்துக்கு 50 லிட்டர். பயன்பாட்டுக்குப் போதும். கவனிக்க வேண்டியது மீதி வைக்கும் காற்று. துணை டைவரின் காற்று நின்று, இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டியிருந்தால்? பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். 18 மீட்டரில் ஒரு நிமிடம் நிதானிக்க சுமார் 170 லிட்டர், இரண்டு நிமிடம் ஏற 230, அஞ்சு மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 270. மொத்தம் 670 லிட்டர். பெரிய சிலிண்டரில் இது 56 பார், 10 லிட்டரில் 67 பார். ஐம்பது பாரில் மேலே வந்தால் போதும் என்று வெதுவெதுப்பான கடலில் பழகியதை இங்கே தொடர முடியாது. 10 லிட்டருக்கு மாறுவது, 80 பாரில் ஏற ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார். முதுகு தப்பித்தது, டைவ் நேரம் கொஞ்சம் குறைந்தது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி: 16 மீட்டரில்

ஜனவரியில் ஒரு காலை. தண்ணீர் 7 டிகிரி, வெளியே 2 டிகிரி, காற்று வீசிக்கொண்டிருந்தது. இரவல் உடை, கிளப்பின் குளிர்நீர் ரெகுலேட்டர். கரையில் சோதனைக்காக ரெகுலேட்டரில் பலமுறை மூச்சு விட்டுப் பார்த்தார். துணை டைவர் தன் கையுறையைச் சரிசெய்ய நேரமானது, அதுவரை காற்றில் நின்றார்கள்.

இறங்கும்போது வேகம் சற்று அதிகமானது. 16 மீட்டரில் தரை தெரிந்ததும் பிசிடி பொத்தானை நீளமாக அழுத்தினார், உடையிலும் அப்போதே காற்று விட்டார். கை ஏற்கெனவே ஈரம், மூச்சு வேகம். ரெகுலேட்டர் நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது.

துணை ஒரு கை தூரத்தில் இருந்தார். குளத்தில் பழகியபடியே தன் ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது வாய்ப்பகுதியை, நீட்டினார், இவர் வாங்கிக்கொண்டார். துணை இவருடைய சிலிண்டர் வால்வை மூடினார். டைவ் ஆரம்பித்து சில நிமிடங்களே ஆகியிருந்ததால் நேராக, நிதானமான வேகத்தில் மேலே வந்தார்கள். யாருக்கும் காயமில்லை. இறங்கும்போது 210 பார், கரையில் பார்த்தபோது 90.

கிளப்பின் தொழில்நுட்பர் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் புகாதபடி முதல் நிலையை மூடிய அடைப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்டுச் சர்வீஸ் தவறியிருந்தது, இடை அழுத்தம், அதாவது முதல் நிலை இறக்கித் தரும் காற்றின் அழுத்தம், வரம்பைத் தாண்டி ஏறியிருந்தது. எனக்குத் தெரிந்தவரை ஒரு காரணம் தனியாக இதைச் செய்யவில்லை. உறைகுளிர்க் காற்றில் மூச்சு விட்டதால் மூச்சின் ஈரம் வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலைக்குள் பனியாகியிருக்கலாம். பிசிடிக்கும் உடைக்கும் மூச்சுக்கும் ஒரே நேரத்தில் காற்றை இழுத்தது முதல் நிலையை இன்னும் குளிர்வித்தது. அதிக இடை அழுத்தம் மிச்சத்தைச் செய்தது. குளிர்நீர்க் குறி இருக்கிற ரெகுலேட்டரும் உறையும் என்பதை இதைப் படிக்கும் புது டைவர்கள் மனதில் வைக்க வேண்டும். கரையில் சோதனை என்றால் ஒன்றிரண்டு மூச்சு உள்ளே இழுத்து, வெளியே வாயிலிருந்து எடுத்துவிட்டு விடுவது போதும். காற்றைச் சின்னச் சின்னதாக விட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும்.

செய்தி ஊருக்கு வந்ததும் அம்மா தூங்கவில்லை. “இருக்கிற பணத்துல முதல்ல அந்த ரெகுலேட்டரை வாங்கச் சொல்லுங்க தம்பி” என்றார். பணம் அப்போது ஒன்றுக்குத்தான் இருந்தது. நல்ல ட்ரைசூட் ஒன்று ஆயிரம் பவுண்டைத் தொட்டுவிடும், உள்ளாடை தனி. உடையா, ரெகுலேட்டரா?

இந்த முழு நிகழ்விலும் கடினமான முடிவு இதுதான். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, காற்று நின்றால் எதுவும் இல்லை. ஆனால் முறையாகச் சர்வீஸ் செய்த இரவல் ரெகுலேட்டர் சொந்த ரெகுலேட்டர் அளவுக்கே நல்லது. அது யார் வாயிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். இரவல் உடை எத்தனை நாளானாலும் அவர் உடம்புக்குப் பொருந்தப் போவதில்லை. ஈரமான கை, வேகமான மூச்சு, அவசரமாக அழுத்திய பொத்தான், இவற்றுக்கு வேர் பொருந்தாத உடையில் இருந்தது. எல்லாரோடும் பகிரக்கூடியதை இரவல் வாங்கலாம், உடம்போடு ஒட்ட வேண்டியதைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்று சொன்னேன். கிளப் அந்த ரெகுலேட்டரைச் சர்வீஸ் செய்து, தேதி எழுதிய சீட்டோடு அவருக்கென்று ஒதுக்கியது. சீட்டின் படத்தை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்.

சொந்த உடை

பிப்ரவரியில் அளவெடுத்துத் தைக்கும் உடைக்குச் சொன்னார். மெம்பிரேன் வகை, அதாவது மெல்லிய நீர்புகாத் துணி, சூடு முழுவதும் உள்ளாடையிலிருந்து வருவது. நியோப்ரீன் ட்ரைசூட் தானே சூடு தரும், உடம்போடு நெகிழும், ஆனால் கனம், காய நேரமாகும், ஈயமும் கூடுதல் கேட்கும். அவர் உடம்புக்கு எடை குறைவதே முதல் தேவை. மெம்பிரேனில் செப்டம்பருக்கு மெல்லிய உள்ளாடை, மார்ச்சுக்குத் தடித்தது என்று மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அளவெடுக்கப் போகும்போது மிகத் தடித்த உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போனார். குந்தி உட்கார்ந்து, கையை மேலே தூக்கி, சிலிண்டர் வால்வை எட்டிப் பார்த்து அளவு கொடுத்தார். கழுத்துக்கு சிலிகான் சீல், மணிக்கட்டில் வளையம் பொருத்தி அதில் மாட்டும் உலர் கையுறை. நரம்புப் பள்ளத்துத் தொல்லை அத்தோடு தீர்ந்தது. கையுறைக்குள்ளும் கம்பளிக் கையுறை. காலுக்கு மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ், அதன்மேல் தனியாகப் போடும் கனமான பூட்ஸ். சிறிய பாதத்துக்கு பூட்ஸ் அளவைத் தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது. அதன் பிறகே ஃபின்ஸ் வாங்கினார், அகலமான பாதப்பகுதி, பின்னால் ஸ்பிரிங் பட்டை. ஜிப் மார்பின் குறுக்கே வருவது, தானே போட்டுக்கொள்ளலாம்.

மார்ச்சில், ஆண்டின் மிகக் குளிர்ந்த தண்ணீரில், 35 நிமிடம் இருந்துவிட்டு வந்தார். பலகையில் எழுதிய எண்கள் எல்லாம் படிக்கும்படி இருந்தன. ஈயம் இரண்டு கிலோ குறைந்தது, பொருந்தாத உடையில் இருந்த வீண் காற்று இல்லாமல் போனதால். ஏப்ரலில் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, இஎன் 250 குளிர்நீர்த் தரத்தில் தேறிய டிஐஎன் ரெகுலேட்டர் வாங்கினார். துறையின் பணி டைவிங் பயிற்சிக்கும் மருத்துவச் சோதனைக்கும் கோடையில் பெயர் கொடுத்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி இப்படி ஒருவர் வந்தால், ட்ரைசூட் பயிற்சியை அக்டோபர் வரை தள்ளாமல் போன முதல் வாரங்களிலேயே முடிக்கச் சொல்வேன். 13 டிகிரியில் பிழை செய்து கற்பது தண்ணீர் இன்னும் குளிர்ந்த பிறகு கற்பதைவிட எவ்வளவோ எளிது. இரவல் வாங்கும் ரெகுலேட்டருக்குக் கடைசி சர்வீஸ் தேதியைக் கேட்டு வாங்குவதும் முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். இதைக் கேட்கப் புது ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்ஜெட்டில் தண்ணீருக்கு வெளியே தேவைப்படுவதையும் சேர்க்க வேண்டும். அவர் டிசம்பர் வரை காற்றுத் தடுக்கும் மேல்கோட்டு இல்லாமல் ஈரத் தலையோடு படகில் நின்றார். உடம்பு மிகவும் குளிர்ந்தது டைவில் அல்ல, இரண்டு டைவுக்கு நடுவில்தான். கம்பளித் தொப்பி, மேல்கோட்டு, பிளாஸ்கில் சூடான பானம், இவை ரெகுலேட்டருக்கு அடுத்த வரிசையில் வர வேண்டியவை. கையும் மூச்சும் நிலைக்கு வராவிட்டால் இரண்டாவது டைவை விட்டுவிட வேண்டும்.

ஐஸ் பெட்டிச் சோதனையை வைத்துக்கொள்வேன். அடுத்த முறை கையுறைத் தேர்வையும் அதிலேயே சேர்த்து, இரண்டு மூன்று வகைக் கையுறையோடு கொக்கிகளை மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போதைய நிலை

பொங்கலுக்கு ஊர் வருவதாக இருந்தபோது உடையைக் கொண்டு வரலாமா என்று கேட்டார், வீட்டில் காட்டுவதற்கு. வேண்டாம் என்றேன். நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் சீலுக்கு ஆகாது, மடித்துப் பெட்டியில் திணித்தால் ஜிப் கெடும். உடையைக் கழுவிக் காயவைத்து, ஜிப்புக்கு மெழுகு போட்டு, அங்கேயே தொங்கவிட்டு வந்தார். ரெகுலேட்டரை ஆண்டுச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். டார்ச் மட்டும் இன்னும் இரவல்தான். அண்ணன் அனுப்பிய ஃபின்ஸை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக் கடலில் ஒரு நாள் இறங்கினார், அதற்கு அது நன்றாகப் பயன்பட்டது.